பச்சையம்மன் தந்த சிவப்புப் பூ

"தை மாதம், இரண்டாவது ஞாயிறு. மாலை ஆறரைக்கு பூபாலன் போன் செய்தான். 'நைனா, நாங்க ஜெயிச்சோமா?' என்று கேட்டான். ஜெயித்தீர்கள் என்றேன். ஏழு மணிக்குள் மறுபடியும் போன் செய்தான். மறுபடியும் அதையே கேட்டான்."

என் டைரியில் அன்றைய தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆடிய ஆட்டத்தின் முடிவை, ஆடிய என் மகனே, வீட்டில் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் கேட்கிறான். சொன்ன பதிலும் அவன் தலையில் நிற்கவில்லை. அன்று இரவு எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

நம் பச்சையம்மன் கோயில் கும்பாபிஷேக மலருக்கு, அம்மன் அருளால் நடந்ததை எழுதிக் கொடுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். நானும் எத்தனையோ மலர்கள் வாசித்திருக்கிறேன். வேண்டினேன், கிடைத்தது என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. நாங்களும் வேண்டினோம். பதிலும் வந்தது. அது என்ன பதில் என்பதில்தான் வீடே குழம்பிப்போனது. அந்தக் குழப்பத்தைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அம்மன் செய்ததைப் பாதியாக எழுதியதாகும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் ஏழுமலை. செஞ்சி பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவது என் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. முதல் மழை பெய்த நாள், பக்கத்து வீட்டுப் பசு ஈன்ற நாள் எல்லாம் எழுதி வைப்பேன். மிச்ச நேரம் நூலகத்தில் இருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகன் பூபாலன். ஏழாம் வகுப்பிலேயே விளையாட்டு விடுதியில் சேர்ந்தவன். செஞ்சியில் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைவார்கள். இவனுக்கு மட்டும் பந்தைக் காலால் உதைக்கத்தான் பிடித்தது. வயதுக்கு மீறிய உயரம் என்பதால் பி.டி. வாத்தியார் அவனைக் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். அன்றிலிருந்து அவன் டிஃபென்டர். அதாவது, எதிரணி கோல் போடாமல் பார்த்துக்கொள்கிறவன். கோல் போடுகிறவன் பெயர் பேப்பரில் வரும். தடுக்கிறவன் பெயர் வராது. அவன் தவறவிட்டு கோல் விழுந்தால் மட்டும் வரும்.

கல்லூரி முடிப்பதற்குள் வடக்கே ஒரு கிளப் அவனை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. முதலில் சில மாதங்கள் வெளியில் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். மூத்த ஆட்டக்காரர் ஒருவருக்குச் சில ஆட்டங்கள் ஆடத் தடை வந்ததால் இவனை இறக்கினார்கள். அந்த இடத்தை அவன் விடவில்லை.

"நீ ஓடற ஆளு இல்ல, நிக்கற ஆளுன்னு கோச் சொல்றாரு நைனா" என்று ஒருநாள் போனில் சொல்லிச் சிரித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது அவனுக்கு இருபது வயது.

அந்தத் தை மாத ஆட்டத்தில் எதிரணிக்கு ஒரு கார்னர் கிடைத்தது. மைதானத்தின் மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார்கள். அதைத் தலையால் முட்டி வெளியே தள்ள இவன் எம்பினான். அதே பந்தைக் கோலுக்குள் தள்ள எதிரணி ஆளும் எம்பினான். இரண்டு தலைகளும் மோதின. இருவரும் விழுந்தார்கள். அவன் எழுந்துவிட்டான். இவன் எழவில்லை. அந்த நேரம் பார்த்து என் போனில் நெட் நின்று, வட்டம் சுற்ற ஆரம்பித்தது. படம் திரும்பி வந்தபோது மைதானத்தில் என் மகன் இல்லை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வாரம் அங்கேயே ஆஸ்பத்திரியிலும் விடுதியிலும் வைத்திருந்து, ஓய்வெடு என்று ஊருக்கு அனுப்பினார்கள். மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலை திண்டிவனம் பஸ்ஸிலிருந்து இறங்கினான். நான் பணியில் இருந்தேன். அவன் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கிய நேரத்தில், பின்னால் வந்த தனியார் பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. ஆறடி ஆள், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் குந்திவிட்டான்.

கண்டக்டர் ஒருவர் ஓடி வந்தார். "இன்னா டைம் கீப்பரே, பையனுக்கு இன்னா ஆச்சு? கால் நல்லாத்தான கீது?"

"தலைல அடி."

"தலைலயா?" அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒண்ணும் காணோமே!"

எங்கள் துன்பமே அதுதான். ஒன்றும் காணோம். காலில் கட்டுப் போட்டு வந்திருந்தால் ஊர் புரிந்துகொண்டிருக்கும். இவன் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அறைக்குள் கிடந்தான். ஜன்னலில் என் மனைவி சுமதி போர்வையைக் கட்டித் தொங்கவிட்டாள். மிக்சி போட்டால் காதைப் பொத்தினான் என்று அதைத் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்துவிட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்டால் யோசித்துச் சொன்னான். செஞ்சியிலும் புதுச்சேரியிலும் எடுத்த ஸ்கேன்களில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லை என்றால் நாங்கள் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை.

வல்லத்திலிருந்து என் மைத்துனன் தனசேகர் வந்தான். சுமதிக்குத் தம்பி. வேர்க்கடலை பயிரிடுகிறவன். வாய் சும்மா இருக்காது.

"இன்னா மாப்ள, பட்டப் பகல்ல இருட்டு கட்டிகினு படுத்துனுகீற?"

"தல வலி மாமா."

"எனக்குந்தான் தல வலி. மல்லாட்ட வெலய கேட்டா தெனமும் வருது. நான் படுத்துட்டேனா?" என்றான். பிறகு என்னை வெளியே கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினான். "மாமா, நெசத்த சொல்லு. கிளப்புலேர்ந்து தொரத்திட்டாங்களா? வெளிய சொல்ல மாட்டேன்."

"ஸ்கேன் ரிப்போர்ட்ட காட்டட்டுமா?"

"அதுலயும் ஒண்ணும் இல்லன்னுதான போட்டுருக்குது?"

அவன் கெட்டவன் இல்லை. ஊர் முழுக்கக் கேட்டதை அவன் வாய்விட்டுக் கேட்டான், அவ்வளவுதான். நான் நூலகத்துக்கும் செல்போனுக்கும் அலைந்து, தலைக்காயம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஒன்று சில வாரத்தில் சரியாகும் என்றது. ஒன்று ஆண்டுக்கணக்கில் ஆகலாம் என்றது. ஒன்று இனி விளையாடவே கூடாது என்றது. படிக்கப் படிக்கத் தெளிவு வரும் என்று அதுவரை நம்பியிருந்தவன் நான்.

கடைசியில் புதுச்சேரியில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார். "இது படத்துல தெரியற அடி இல்லைங்க. பையன் சொல்றத வெச்சுத்தான் நாங்க கணக்குப் போடணும். வலி, மயக்கம், மறதி எல்லாம் சுத்தமா போன பிறகு மெதுவா ஆட ஆரம்பிக்கலாம். அதெல்லாம் போறதுக்கு முன்னாடி இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து." நான் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்தபோது பூபாலன் ஒருநாள் காலை அறையை விட்டு வெளியே வந்தான். "வலி போயிடுச்சு நைனா" என்றான். எங்கள் காலடியில் நிலம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மருத்துவரிடமும் போய் அதையே சொன்னான். அவர் கேள்விகள் கேட்டார், ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார், சரி, படிப்படியாகத் தொடங்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அதே வாரம் கிளப்பிலிருந்து அழைத்தார்கள். சீசனின் கடைசி ஆட்டங்கள் நெருங்குகின்றன. திங்கட்கிழமைக்குள் வந்தால் இடம் இருக்கிறது. வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள், ஒப்பந்தத்தை நீட்டிப்பது சந்தேகம். இதுதான் செய்தி.

எனக்கு அவன் போக வேண்டும் என்றுதான் ஆசை. மறைக்கவில்லை. அவன் ஏழாம் வகுப்பிலிருந்து நின்று நின்று பிடித்த இடம் அது. சுமதிக்கு அவன் போகவே கூடாது. "அந்தப் பந்துக்கு எம் புள்ள தலையத்தான் குடுக்கணுமா?" என்றாள். அவனைக் கேட்டால் தரையைப் பார்த்தான். "எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க" என்றான். தன் வாழ்க்கையில் எதையும் எங்களிடம் கேட்டு முடிவு செய்யாதவன் இப்படிச் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. ஏன் என்று அன்று யோசிக்கவில்லை.

அம்மனிடம் பூ கேட்பது என்று முடிவு செய்தோம்.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். செய்யலாமா, வேண்டாமா என்று மனம் தத்தளிக்கும்போது நம் வீடுகளில் பூ கேட்பார்கள். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொரு பொட்டலத்திலும் வெளியே தெரியாமல் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். எந்த நிறம் வந்தால் எது என்று மனதுக்குள் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். பூசாரி கற்பூரம் காட்டி, கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அதுதான் உத்தரவு.

வெள்ளிக்கிழமை மதியம் நானும் சுமதியும் மொபெட்டில் கோயிலுக்குப் போனோம். வெயிலில் ஏரி வற்றிக் கிடந்தது. வெளியே காவல் தெய்வம் வாழ்முனி வழக்கம்போல் கத்தியை ஊன்றி, கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனோம். பூசாரி அர்ச்சுனன் அண்ணன் பொட்டலங்களை வாங்கிக் கலைத்து வைத்தார்.

"கேக்கறத இப்பவே நல்லா கேட்டுக்குங்க. அப்பறமா வந்து என்ன கேக்காதீங்க" என்றார்.

கண்ணை மூடினோம். என் வாழ்நாளில் அப்படி வேண்டியதில்லை. தாயே, எனக்குப் படிப்பும் உதவவில்லை, டாக்டரும் பையன் சொல்வதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார், நீ சொல் என்று கேட்டேன். பக்கத்தில் சுமதியும் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு அரளி.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் சுமதியும் தேம்பித் தேம்பி அழுகிறாள், முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா கண்ண தொறந்துட்டாங்க" என்றாள். "ஆமாம் சுமதி, தொறந்துட்டா" என்றேன். போகக்கூடாது என்று அடம்பிடித்தவள் இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டாளே, இதுவே ஓர் அற்புதம் என்று நினைத்தேன். திரும்பும் வழியில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தாள். கடைவீதியில் வண்டியை நிறுத்தச் சொல்லி அரைக் கிலோ அல்வா வாங்கினாள். இருவரும் அதிகம் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது என்று இருந்தது.

வீட்டுக்குள் அவள்தான் முதலில் நுழைந்தாள். "பூபா! அம்மா உத்தரவு குடுத்துட்டாங்கடா!"

நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டேன். "ஞாயித்துக்கிழமை டிரெய்னுக்கே டிக்கெட் போட்டுடலாமா?"

சுமதி திரும்பினாள். "எதுக்கு டிக்கெட்டு?"

"கிளப்புக்குத்தான்."

"இன்னா பேசறீங்க? போவாதன்னு அம்மா சொல்லிட்டாங்களே!"

"செவப்புதானே வந்துச்சு?"

"அதான் நானும் சொல்றேன், செவப்புதான வந்துச்சு!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். என் கையில் இன்னும் ஒரு செருப்பு இருந்தது.

"செவப்புன்னா போன்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள்.

"எங்க வூட்ல எப்பவும் செவப்புதான் சம்மதம். அம்மன் நெறம் அது."

"பச்சையம்மனுக்கு நெறம் பச்சைங்க! எங்க வூட்ல வெள்ளதான் நல்லது. செவப்புன்னா ரத்தம். நில்லுன்னு அர்த்தம்."

"இத கோயில்ல சொல்றதுக்கு இன்னா?"

"மனசுக்குள்ளதான கேக்கணும்? வாய்விட்டு கேட்டா அது பூ கேக்கறதா, கடையில சாமான் கேக்கறதா?"

"கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல..."

"இத்தினி வருஷத்துல நீங்க எங்க என்ன கூட்டிகினு போயி பூ கேட்டீங்க? எல்லாத்தையும் புக்குலதான பாத்தீங்க!"

அப்போது ஒரு சத்தம் கேட்டது. பூபாலன் சிரித்தான். சுவரில் சாய்ந்துகொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஒரே பூவு. ஒருத்தருக்குப் போ, ஒருத்தருக்கு போவாத. அம்மனே ரெண்டு டீமுக்கும் ஆடறாங்க" என்றான். அடிபட்ட பிறகு அவன் சிரித்து நாங்கள் கேட்கவில்லை. சண்டையை மறந்து நாங்களும் சிரிக்கத் தொடங்கினோம்.

சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றான். இரண்டு கையாலும் தலையை அழுத்திப் பிடித்தான். கண்ணை இறுக்கி மூடியபடி, பஸ் நிலையத்தில் குந்தியதுபோல மெல்லத் தரையில் குந்தினான்.

"பூபா! இன்னாடா?"

"ஒண்ணும் இல்லம்மா. சிரிச்சதுல."

"சிரிச்சா தல வலிக்குமா?"

சுமதி அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவன் கைகளை விலக்கித் தன் கையை வைத்தாள். "எம் மேல கைய வெச்சு சொல்லு. வலி போயிடுச்சா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "போவலம்மா. கொறஞ்சிருக்குது. போவல."

"டாக்டர்கிட்ட போயிடுச்சுன்னியே?"

"இருக்குதுன்னு சொன்னா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. என்ன மாதிரி எத்தினி பேரு வெளிய பெஞ்சுல ஒக்காந்துனுகீறான் தெரியுமா?"

"சரி, போற. திரும்ப கார்னர் வந்தா இன்னா பண்ணுவ?" என்று நான் கேட்டேன்.

"எம்பித்தான் ஆவணும் நைனா. நான் எம்பலன்னா கோல் ஆயிடும்." எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தான். "அதான் உங்கள கேட்டேன். நீங்க வேணான்னு சொன்னா சொன்ன பொய்ய ஒத்துக்காமலே தப்பிச்சுக்கலாம்னு பாத்தேன். போன்னு சொன்னா போயிருப்பேன்."

அதுவரை எனக்குத் தெரியாதது எல்லாம் ஒரே சமயத்தில் தெரிந்தது. சுமதியும் நானும் ஒரே வீட்டு வழக்கப்படி சிவப்பைச் சம்மதம் என்று எடுத்திருந்தால், ஞாயிறு டிரெய்னில் அவன் போயிருப்பான். ஆறாத தலையோடு எம்பியிருப்பான். இரண்டாவது அடிபட்டால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொன்னது என் கையெழுத்தில் இருக்கிறது. இருவரும் சிவப்பை வேண்டாம் என்று எடுத்திருந்தால், வலியையும் பொய்யையும் உள்ளேயே வைத்துக்கொண்டு, ஆட்டத்தை விட்டவனாக எங்கள்மேல் வாழ்நாள் முழுக்க மனவருத்தத்தோடு இருந்திருப்பான். சண்டை வந்ததால் சிரித்தான். சிரித்ததால் வலித்தது. வலித்ததால் உண்மை வெளியே வந்தது.

இதைத்தான் நான் அம்மன் செய்த உதவி என்கிறேன். ஆனாலும் இது என்ன வகை உதவி என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். நான் கேட்டது ஒரு பதில். கிடைத்தது ஒரு சண்டை.

அன்றே மருத்துவரிடம் போனில் உண்மையைச் சொன்னான். அவர் திட்டினார், பிறகு தன்னிடம் சொன்னதற்கு நன்றி என்றார். கிளப்பின் மருத்துவரிடமும் அவனே பேசினான். இந்த சீசன் வேண்டாம், ஓய்வெடு என்று பதில் வந்தது. ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்திரையில் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று பேப்பரில் படித்தேன். அவனிடம் காட்டவில்லை. அவன் ஏற்கெனவே பார்த்திருந்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி அண்ணனிடம் போய், நம் வகையறாவில் எந்த நிறம் சம்மதம் என்று கேட்டேன்.

"அன்னிக்கே சொன்னேன் இல்ல, அப்பறமா வந்து என்ன கேக்காதீங்கன்னு?"

"மறுபடியும் ஒரு தபா பூ கேட்டா?"

"ஒரு தபா சொன்னது புரியலன்னு அவகிட்டயே போயி சொல்லுவியா? ஏழுமல, அவ பூவத்தான் குடுப்பா. கூடவே அர்த்தமும் கட்டிக் குடுப்பாளா?"

அதன் பிறகு நாங்கள் பூ கேட்கவில்லை. வெள்ளிதோறும் போவோம், நிற்போம். என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பதும் ஒரு வேண்டுதல்தான் என்று அந்த மாதங்களில் கற்றுக்கொண்டேன். அவன் போகட்டும் என்றோ போக வேண்டாம் என்றோ எதையும் சொல்லவில்லை. அவனைப் பார்த்துக்கொள் தாயே என்பது மட்டும்தான். சுமதியும் அதையே கேட்டாளாம். இந்த முறை அவளிடம் வாய்விட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. சுமதி அம்மியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். பூபாலன் பரணில் கையை விட்டு மிக்சியை எடுத்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்து அவள் முன் வைத்தான்.

"போடும்மா."

அவள் பயந்து பயந்து போட்டாள். அவன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவள் நிறுத்தப் போனாள்.

"நிறுத்தாத. ஓடட்டும்."

சட்னி கூழாகும் வரை ஓடியது. அவன் காதைப் பொத்தவில்லை. அவள் அழுவதை மிக்சி சத்தத்தில் நாங்கள் கேட்காததுபோல் இருந்துவிட்டோம். மருத்துவர் இம்முறை முன்பைவிட அதிகமாகக் கேள்வி கேட்டார். என்னையும் சுமதியையும் தனித்தனியாகக் கேட்டார். பிறகுதான் அனுமதித்தார்.

பழைய கிளப் திரும்ப அழைக்கவில்லை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வேறொரு கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. சிறிய கிளப். அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தவர் பழைய கிளப்பில் இவனைப் பார்த்தவர். "உண்மையச் சொன்னதுக்காக கூப்பிட்டாரா?" என்று ஆவலாகக் கேட்டேன். மலருக்கு எழுத நல்ல முடிவாக இருக்கும் என்று அப்போதே மனதுக்குள் ஒரு நினைப்பு.

"அதெல்லாம் தெரியல நைனா. ஒசரமான ஆளு கெடைக்கல போல" என்றான்.

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை அவன் மறுபடி முழு ஆட்டம் ஆடினான். தனசேகர் வல்லத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்தான். சுமதி பார்க்க மாட்டேன் என்று சமையலறையில் நின்றுகொண்டாள். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தது. பந்து வளைந்து வந்தது. நான்கைந்து பேர் எம்பினார்கள். எல்லோருக்கும் மேலே ஒரு தலை தெரிந்தது. பந்து வெளியே போனது. கும்பல் விழுந்து எழுந்தது.

"எழுந்துட்டானா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"எழுந்துட்டான்."

"இன்னா பண்றான்?"

தனசேகர் போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தான். "கைய நீட்டி பக்கத்துல ஒருத்தன திட்டிகினுகீறான்க்கா."

"திட்றானா?" அவள் வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அப்ப நல்லாத்தான் கீறான்."

இப்போது எங்கள் வீட்டில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. அம்மனிடம் கேட்பதை முதலில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். என் புத்தகங்களை நான் விடவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அவற்றில் பதில் இருக்கும் என்று இப்போது எண்ணுவதில்லை. பங்காளி வீடுகளில் விசாரித்துப் பார்த்தேன். சிலர் சிவப்பு சம்மதம் என்கிறார்கள், சிலர் வெள்ளை என்கிறார்கள், இரண்டு பக்கமும் சத்தியம் செய்கிறார்கள். பூசாரி அண்ணன் இப்போது பூ கேட்க வருகிற கணவன் மனைவியை, "ரெண்டு பேரும் வெளிய போயி பேசிட்டு வாங்க" என்று வாழ்முனியிடம் அனுப்பிவிடுகிறார். அதற்கு நாங்கள்தான் காரணம் என்று ஊரில் கேலி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இதைப் படிக்கிற நம் குலத்துப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். உங்களுக்கும் ஒருநாள் எதுவும் புரியாத இருட்டு வரும். அப்போது நம் தாயிடம் போய் நில்லுங்கள். அவள் சொல்வது உடனே விளங்கவில்லையென்றால் அவள் சொல்லவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். விளங்காத பதிலோடு வீட்டுக்குத் திரும்புங்கள். வீட்டில் இருப்பவரிடம் வாய்விட்டுப் பேசுங்கள். மீதியை அவள் அங்கே வைத்திருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் பூபாலன் இப்போதும் போன் செய்கிறான். வலிக்கிறதா என்று சுமதி கேட்கிறாள். சில நாள் "இல்ல" என்கிறான். ஒருநாள் "லேசா" என்று சொல்லி, அவனாகவே ஓர் ஆட்டம் வெளியே உட்கார்ந்தான். அவன் தலைக்குள் எல்லாம் முழுமையாக ஆறிவிட்டதா என்பதை எந்தப் படமும் காட்டாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆகவே அது இன்றுவரை சரிபார்க்கப்படாத செய்தி. அவன் சொல்வது ஒன்றே எங்களுக்கு ஆதாரம்.